அவதாருக்கு உடுத்தும் முன்: எந்தத் துணைக்கருவி, எதற்காக?

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கும். ஆவணியில் ஓணத்துக்கு செட்டு முண்டுக்கான ரவிக்கைகள் குவியும், மார்கழி பிறந்தால் பொங்கலுக்குப் பட்டுப்பாவாடைகள் வரும். பதினெட்டு வருடமாகக் கத்தரிக்கோல் பிடித்த கை இது. சென்ற இரண்டு வருடமாக இதே கை, இரவில் கடை மூடிய பிறகு, கணினியில் அவதார்களுக்கும் உடை பொருத்துகிறது. காரணம் என் தம்பி மகள், எனக்கு மருமகள் முறை. ஷார்ஜாவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இரவு எட்டு மணி, அவர்களுக்கு மாலை ஆறரை. அந்த நேரத்தில் நாங்கள் விஆர்சாட்டில் சந்திக்கிறோம். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, அவதார் என்ற உருவம் எடுத்து மற்றவர்களோடு பழகும் மெய்நிகர் உலகம் அது. அங்கே அவளுக்குப் பாவாடை தாவணி வேண்டும், தலையில் மல்லிகைச் சரம் வேண்டும். விஆர்சாட்டில் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவளுக்கு நிரம்பியபின்தான் தம்பி அனுமதித்தான்.

உடை பொருத்தும் துணைக்கருவிகளைப் பற்றித் தேடினால் எல்லோரும் சொல்லும் பெயர்கள் இரண்டு: மாடுலர் அவதார், விஆர்சி ஃபியூரி. இரண்டும் இலவசம். எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அந்தக் கேள்வியோடு நானும் ஒரு மாதத்தை வீணாக்கியிருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த உடையைத் தைத்தவர் எந்தக் கருவியை மனத்தில் வைத்துத் தைத்தார்? உடுத்துபவரும் பார்ப்பவரும் எந்த ஹெட்செட்டில் இருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் கருவி தானாக முடிவாகிவிடும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். விஆர்சாட்டின் அவதார்கள் யூனிட்டி என்ற மென்பொருளில் தயாராகின்றன. இப்போது அதற்கு வேண்டிய யூனிட்டி 2022.3.22. விஆர்சாட் தரும் கிரியேட்டர் கம்பானியன் என்ற செயலியை விண்டோஸ் கணினியில் நிறுவினால், சரியான யூனிட்டியையும் அதுவே கொண்டுவந்துவிடும். லினக்ஸோ மேக்கோ வைத்திருப்பவர்கள் அதற்கு ஈடாக ஆல்காம் என்ற செயலியைப் பயன்படுத்தலாம். துணைக்கருவிகளை இவற்றின் வழியாகவே சேர்க்க வேண்டும். எங்கிருந்தோ இறக்கிய கோப்பை யூனிட்டிக்குள் இழுத்துப் போடும் பழைய வழக்கம் வேண்டாம், பின்னால் பதிப்பு மாற்றும்போது பழையதும் புதியதும் கலந்து கிடக்கும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இங்கே நான் பேசுவது யூனிட்டிக்குள் வேலை செய்யும் கருவிகளை மட்டும். விஆர்சாட் செயலியையே மாற்றியமைக்கும் நிரல்கள் வேறு வகை. 2022 ஜூலையில் ஈஸி ஆன்ட்டி சீட் என்ற காவல் நிரலைச் சேர்த்து விஆர்சாட் அவற்றைத் தடுத்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் கணக்கே பறிபோகும்.

இந்தக் கருவிகள் வருவதற்கு முன்னால் உடை பொருத்துவது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவற்றின் அருமை புரியும். அவதாரின் உடலுக்குள் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது, உடைக்குள்ளும் ஒன்று இருக்கிறது. உடையின் இடுப்பெலும்பை உடலின் இடுப்பெலும்புக்குள்ளும், தோளைத் தோளுக்குள்ளும் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துச் செருக வேண்டும். நாற்பது, ஐம்பது எலும்புகள் இருக்கும். பிறகு அந்த உடை பிடிக்கவில்லை என்றால், பிரிப்பதற்குள் உடல் கெட்டுவிடும். இது கெட்டித் தையல் போட்டுத் தையல்விடுதுணியையும் வெட்டியெறிந்த ரவிக்கை மாதிரி.

மாடுலர் அவதாரும் விஆர்சி ஃபியூரியும் ஓட்டுத்தையல் போடுகின்றன. மூலக் கோப்பைத் தொடுவதில்லை. உடையின்மேல் ஒரு குறிப்பை மட்டும் வைக்கிறோம்: இதை இந்த எலும்போடு சேர், இதற்கு மெனுவில் ஒரு பொத்தான் வை. அவதாரை விஆர்சாட்டுக்கு ஏற்றும் நேரத்தில் கருவி ஒரு நகல் எடுத்து, அந்த நகலில்தான் எல்லாவற்றையும் தைக்கிறது. குறிப்பை நீக்கினால் உடை கழன்றுவிடும், உடல் பழையபடி இருக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே, புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டில் ஏதாவது ஒன்றோடு தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இனி முதல் கேள்வி. உடையை விலைக்கு வாங்குகிறீர்கள் என்றால், விற்பனைப் பக்கத்தில் இரண்டு விவரங்களைத் தேடுங்கள். ஒன்று, எந்த அடிப்படை உடலுக்காகத் தைக்கப்பட்டது. ஒரே பெயருள்ள உடலாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அளவுக்குத் தைத்த ரவிக்கையை எந்த ஊசியாலும் உங்கள் அளவுக்குக் கொண்டுவர முடியாது. தோள் அகலமும் மார்பும் வேறாக இருந்தால் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உடையையே திருத்த வேண்டும், அது தனிக் கலை. இரண்டு, எந்தத் துணைக்கருவிக்குத் தயார் செய்யப்பட்டது. ஜப்பானிய விற்பனைத் தளமான பூத்தில் வரும் உடைகளில் பலவும் மாடுலர் அவதாருக்குத் தயாராக இருக்கும். மேற்கத்திய விற்பனையாளர்களிடம், குறிப்பாக முகபாவனையைப் பின்தொடரும் அமைப்புகள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றில் விஆர்சி ஃபியூரியை அதிகம் பார்ப்பீர்கள். தைத்தவர் எதைச் சொல்கிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் போட்டு வைத்த தையலைப் பிரித்து வேறு கருவியில் மறுபடி போடுவதில் பயன் எதுவும் இல்லை.

இரண்டையும் ஒரே திட்டத்தில் வைத்திருக்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். தாராளமாக வைக்கலாம். பாவாடையை மாடுலர் அவதாரும் கொலுசை விஆர்சி ஃபியூரியும் பொருத்தினால் சண்டை இல்லை. ஒரே பாவாடையின் எலும்புகளை இரண்டு கருவியும் சேர்க்கச் சொன்னால்தான் வம்பு. ஒரு மடிப்பில் இரண்டு பேர் ஊசி ஓட்டக் கூடாது.

எந்தக் குறிப்பும் இல்லாத வெறும் உடை கையில் இருந்தால் நான் மாடுலர் அவதாரைத்தான் எடுப்பேன். ஏன் என்று விளக்குகிறேன். உடையை அவதாரின் உடலுக்குக் கீழே இழுத்துப் போட்டு, வலது பொத்தானை அழுத்தி, மாடுலர் அவதார் பட்டியலில் ‘செட்டப் அவுட்ஃபிட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், எலும்புகளின் பெயர்களைப் பார்த்து அதுவே இணையைக் கண்டுபிடித்துவிடும். அதன்பின் வருவதுதான் எனக்கு முக்கியம். யூனிட்டித் திரையிலேயே, ஏற்றுவதற்கு முன்பே, உடலின் மேல்கை எலும்பைச் சுழற்றிப் பார்த்தால் ரவிக்கையின் கையும் கூடவே வரும். கடையில் நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது அதுதானே: கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். என் மருமகளின் அவதாரில் கையை 80 பாகை தூக்கியபோது அக்குளில் ரவிக்கையைத் துளைத்துக்கொண்டு தோல் எட்டிப் பார்த்தது. நல்ல உடல்களில் இதற்காகவே ஒவ்வொரு பகுதியையும் உள்ளே சுருக்கும் வடிவ மாற்றங்கள் வைத்திருப்பார்கள். மாடுலர் அவதாரின் ‘ஷேப் சேஞ்சர்’ கொண்டு, ரவிக்கை இருக்கும்போது அக்குளைச் சுருக்கு என்று ஒரு வரி எழுதினேன். அதுவும் திரையிலேயே உடனே தெரிந்தது. வளையல், ஜிமிக்கி போன்ற வளையாத பொருள்களுக்கு ‘போன் ப்ராக்ஸி’ போதும், ஓர் எலும்பைக் காட்டிவிட்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

விஆர்சி ஃபியூரியிலும் இதே வேலைக்கு ‘ஆர்மேச்சர் லிங்க்’ இருக்கிறது, நன்றாகவே பொருத்துகிறது. ஆனால் ஏற்றும்போதோ, யூனிட்டியில் பிளே பொத்தானை அழுத்தும்போதோதான் சேர்க்கும். அதுவரை உடை உடலோடு அசையாது. கண்ணால் பார்த்துத் திருத்திப் பழகிய எனக்கு அது போதவில்லை.

அதற்காக விஆர்சி ஃபியூரியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பொத்தான் வைக்கும் வேலையில் அதன் எளிமை அருமையானது. ‘டாகிள்’ என்ற ஒரே காம்பொனென்ட், அதாவது பொருளின்மேல் வைக்கும் ஒரு குறிப்பு. அதில் மெனுவில் வரவேண்டிய பெயரை எழுதி, மறைய வேண்டிய பொருளைக் காட்டி, அடுத்த முறை வரும்போதும் நினைவில் இருக்கட்டுமா என்று தேர்ந்தால் முடிந்தது. அவதாரின் அசைவுகளையும் மாற்றங்களையும் நடத்தும் அனிமேட்டர் என்ற யூனிட்டி அமைப்பின் பெயரையே கேட்டிராதவர் பத்து நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றி மாட்டும் பொத்தானைச் செய்துவிடலாம். மாடுலர் அவதாரிலும் ‘மெனு ஐட்டம்’, ‘ஆப்ஜெக்ட் டாகிள்’ இரண்டையும் சேர்த்து வைத்து இதைச் செய்யலாம். கடினமில்லை. ஆனாலும் முதல் நாளிலேயே கைக்கு வருவது ஃபியூரிதான்.

பொத்தான்களுக்கு ஒரு வரம்பு உண்டு. ஓர் அவதாருக்கு மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் நினைவகம் 256 பிட். ஒரு சாதாரணப் பொத்தானுக்கு 1 பிட், நிறத்தையோ நீளத்தையோ மெதுவாக மாற்றும் சறுக்குப் பொத்தானுக்கு 8 பிட். தாவணியின் நிறத்துக்கு மூன்று, வளையலின் நிறத்துக்கு மூன்று என்று சறுக்குப் பொத்தான்களாக அடுக்கினால் அங்கேயே 48 பிட் போய்விடும். நாலு நிறம் போதும் என்றால் பொத்தான்களாகவே வைத்துவிடுங்கள். முகபாவனை அமைப்பு சேர்ப்பவர்களுக்கு 256 உண்மையிலேயே போதாமல் போகும். அவர்களுக்கு ஃபியூரியில் அந்த நினைவகத்தைச் சுருக்கிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அது ஒன்றுக்காகவே அதை எடுக்கலாம்.

‘ரைட் டிஃபால்ட்ஸ்’ என்ற ஒரு பெட்டியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அனிமேட்டரின் ஒவ்வொரு நிலையிலும் இந்தப் பெட்டி இருக்கும். சிலர் டிக் போட்டுச் செய்வார்கள், சிலர் போடாமல் செய்வார்கள். இரண்டும் கலந்தால் கழற்றிய வளையல் கையிலேயே நிற்கும், சிரித்த முகம் சிரித்தபடியே உறைந்துவிடும். உங்களுக்கு அப்படி நடந்தால் கருவியைத் திட்டாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள். ஃபியூரியில் இதைச் சீர்செய்யத் தனிக் காம்பொனென்ட் இருக்கிறது. மாடுலர் அவதாரில் அனிமேட்டரைச் சேர்க்கும் இடத்தில், அவதாரோடு ஒத்துப்போ என்ற தேர்வு உண்டு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மருமகள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

நான் பார்ப்பது கணினியோடு இணைத்த ஹெட்செட்டில். அவள் வைத்திருப்பது குவெஸ்ட் 3, தனியே இயங்குவது, உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு. அந்த உடையை விற்றவர் குவெஸ்டுக்கும் ஏற்றது என்றுதான் எழுதியிருந்தார். நம்பி வாங்கினோம். என் திரையில் பாவாடை காற்றில் ஆடியது, மல்லிகைச் சரம் தொங்கியது. முதல் ஞாயிறு அவள் உள்ளே வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று சுற்றினாள். “அத்தை, பாவாடை ஏன் ஆடமாட்டேன் என்கிறது? தகரத்தில் செய்தது மாதிரி நிற்கிறது. தலையில் இருப்பது பூவா, வெள்ளை ஓடா?” என்று கேட்டாள். குரலில் இருந்த ஏமாற்றம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

பாவாடை ஏன் நின்றது? துணியை அசைப்பவை ஃபிஸ்போன் என்ற அமைப்புகள். ஆண்ட்ராய்டில் ஓர் அவதாருக்கு ஃபிஸ்போன் காம்பொனென்ட் 8, அவை அசைக்கும் எலும்புகள் 64. இதுதான் உச்ச வரம்பு. ஒன்று மீறினாலும் கொஞ்சம் குறைத்துக் காட்டாது, எல்லா அசைவையும் எடுத்துவிடும். அந்தப் பாவாடையில் 16 எலும்புச் சரங்கள், சரத்துக்கு ஒரு காம்பொனென்டாக 16 இருந்தன. நான் பிளெண்டரில் சரங்களை 10 ஆகக் குறைத்தேன், சரத்துக்கு நான்கு எலும்பு. பத்துக்கும் பொதுவான தாய் எலும்பின் மேல் ஒரே ஒரு காம்பொனென்டை வைத்தேன். பாவாடைக்கு 40, சடைக்கு 7, தாவணி முந்தானைக்கு 8. மூன்று காம்பொனென்டில் எல்லாம் அடங்கின. எந்தத் துணைக்கருவியும் இதை எனக்காக யோசித்துச் செய்யவில்லை. பாவாடையின் விசிறல் எங்கே கெடும், எங்கே கெடாது என்பது தைப்பவர் பார்க்க வேண்டிய கணக்கு.

மல்லிகை ஏன் ஓடானது? கணினியில் லில்டூன், பொய்யோமி போன்ற ஷேடர்கள் (பரப்பின் தோற்றத்தை வரையும் நிரல்கள்) ஒரு சதுரத் தாளில் பூவை வரைந்து, சுற்றியுள்ள வெறும் இடத்தை மறைத்துவிடும். ஆண்ட்ராய்டில் விஆர்சாட் தரும் மொபைல் ஷேடர்களை மட்டுமே பயன்படுத்தலாம். துணிக்கும் தோலுக்கும் போடும் டூன் லிட் போன்றவற்றில் ஒளி ஊடுருவும் வசதி கிடையாது. அதனால் சதுரம் சதுரமாகவே நிற்கும், மெல்லிய தாவணியும் கெட்டித் துணியாகிவிடும். சரி, ஒவ்வொரு மொட்டையும் உருவமாகவே செய்துவிடலாம் என்று இறங்கினேன். கணினி உருவங்கள் முக்கோணங்களால் ஆனவை. மொட்டுக்கு 60 முக்கோணம், 200 மொட்டு. 12,000 முக்கோணம் ஆகிவிட்டது. அவதாரின் சுமையை வைத்து விஆர்சாட் தரம் பிரிக்கிறது. குவெஸ்டில் ‘மீடியம்’ தரத்துக்கு அவதார் முழுவதற்குமே 15,000தான் அனுமதி, ‘பூவர்’ தரத்துக்கு 20,000. தானாகக் காட்டப்படுவது மீடியம் வரை, அதற்குக் கீழே போனால் மற்றவர்கள் உங்களைத் தனியே தேர்ந்து காட்டச் சொன்னால்தான் தெரிவீர்கள். கடைசியில், நாரில் நெருக்கமாகக் கட்டிய சரம் எப்படி ஒரே கயிறாகத் தெரியுமோ அப்படி ஒரு வளைந்த குழாயைச் செய்து, அதன்மேல் மொட்டுகளை வரைந்து, ஓரத்தில் மட்டும் நாற்பது மொட்டுகளை உருவமாக நிறுத்தினேன். முன்னால் நின்று பார்த்தால் அது பூதான்.

முக்கோணத்தைக் குறைக்க உதவும் கருவி மூன்றாவதாக ஒன்று: அவதார் ஆப்டிமைசர், சுருக்கமாக ஏஏஓ. மாடுலர் அவதாரோடு ஒரே அடித்தளத்தில் இயங்குவது, அதனால் இரண்டும் நன்றாகச் சேரும். அவதாரின் எல்லாப் பகுதிகளுக்கும் மேலே இருக்கும் மூலப் பொருளில் ‘ட்ரேஸ் அண்ட் ஆப்டிமைஸ்’ என்ற காம்பொனென்டை வைத்துவிட்டால் பயன்படாதவற்றை ஏற்றும் நேரத்தில் கழித்துவிடும். எனக்கு அதிகம் உதவியது, ஒரு பெட்டியைக் காட்டி அதற்குள் இருக்கும் உடலை நீக்கும் வசதி. தரை வரை பாவாடை கட்டியவளுக்கு உள்ளே தொடை எதற்கு? முழங்கால் முதல் இடுப்பு வரை நீக்கியதில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் முக்கோணம் மிச்சமானது. இதையும் மூலக் கோப்பைத் தொடாமல் செய்கிறது, நாளைக்குக் குட்டைப் பாவாடை போட்டால் பெட்டியை எடுத்துவிடலாம்.

அவளுக்குச் செட்டு முண்டும் வேண்டும் என்று கேட்டாள், கசவுக் கரையோடு. இரண்டு உடையையும் ஓர் அவதாரில் வைத்துப் பொத்தானால் மாற்றுவதே வழக்கம். கணினிக்கு மட்டும் என்றால் அப்படியே செய்யுங்கள். குவெஸ்டுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. ஆண்ட்ராய்டு அவதார் கோப்பு இறக்கத்துக்கு 10 எம்பிக்குள் இருக்க வேண்டும், விரித்தபின் 40 எம்பிக்குள் இருக்க வேண்டும். மறைந்திருக்கும் உடையின் படங்களும் முக்கோணங்களும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டு அவதார்களாகவே ஏற்றினோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற அவளுக்குச் சில நொடி ஆகிறது, இரண்டும் அழகாக இருக்கின்றன.

இன்னொருவருக்காகத் தைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனிப்பட்டதாக ஏற்றிய அவதாரை, ஏற்றிய கணக்கு மட்டுமே அணிய முடியும். பொதுவாக ஏற்றினால் யாரும் அணியலாம், ஆனால் விலைக்கு வாங்கிய உடல்களின் உரிமத்தில் பெரும்பாலும் அது தடை. ஆகவே உடலையும் உடையையும் தம்பியே தன் பணத்தில் வாங்கினான், திருத்துவதற்கு உரிமத்தில் இடம் இருக்கிறதா என்று இருவரும் படித்துப் பார்த்தோம். நான் திருத்தி முடித்ததும் கிரியேட்டர் கம்பானியனில் திட்டத்தைக் காப்பு நகல் எடுத்து அனுப்பினேன். அவன் தன் மடிக்கணினியில் திறந்து, மகளின் கணக்கில் அவளையே உட்காரவைத்து ஏற்றினான். புதுக் கணக்கில் உடனே ஏற்ற முடியாது. ‘விசிட்டர்’ நிலையிலிருந்து ‘நியூ யூசர்’ நிலைக்கு உயர்ந்த பிறகுதான் அனுமதி கிடைக்கும், அதற்குச் சில நாள் உள்ளே சுற்றிப் பழக வேண்டும். உடை முடிந்த நாளில் இது தெரிந்தால் வருத்தமாக இருக்கும், முன்பே கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.

அடிப்படை உடலே இல்லாதவர்கள் விராய்டு ஸ்டுடியோவில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். முடியைத்தான் அளவோடு வைக்க வேண்டும், இல்லையென்றால் முக்கோணம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏற்றும் முன் ஜெஸ்ச்சர் மேனேஜர் என்ற கருவியைச் சேர்த்து பிளே பொத்தானை அழுத்திப் பாருங்கள். மெனுவையும் கைச் சைகைகளையும் யூனிட்டிக்குள்ளேயே சோதிக்கலாம். ஆனால் ஏஏஓ போன்றவை வேலை செய்வது ஏற்றும் நேரத்தில் என்பதால், அதற்கு முன் யூனிட்டியில் ஏற்றும் பலகை காட்டும் தரத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஏற்றியபின் விஆர்சாட்டுக்குள் அவதாரின் விவரத்தில் எழுதியிருக்கும் தரத்தைப் பாருங்கள், அதுவும் உடுத்துபவரின் ஹெட்செட்டில் பாருங்கள்.

எனக்கு ஓர் அளவு நோட்டு உண்டு. வாடிக்கையாளரின் தோள், மார்பு, இடுப்பு எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு அவதாருக்கும் யூனிட்டியின் எண், மாடுலர் அவதாரின் எண், ஏஏஓவின் எண், கடைசியாக ஏற்றிய தேதி ஆகியவற்றை எழுதி வைக்கிறேன். கருவியின் புதிய பதிப்பு வந்தால் காப்பு நகல் எடுத்த பிறகே மாற்றுகிறேன், அதையும் திங்கட்கிழமையில்தான் செய்கிறேன். ஏதாவது பிரிந்துபோனாலும் அடுத்த ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் தைத்துவிட ஆறு நாள் இருக்கிறது.